உத்யம் பதிவு: காசு கட்ட வேண்டாம், ஒரு கட்டத்தை மட்டும் கவனியுங்கள்

எங்கள் தெருவில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர் போன மாதம் தன் உத்யம் என்ற சிறுதொழில் பதிவுச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார். பிரவுசிங் சென்டரில் 1,500 ரூபாய் கொடுத்து எடுத்தது. நாலு மிஷின், மூன்று ஆட்கள், துணி வெட்டுவது முதல் பட்டன் வைப்பது வரை எல்லாம் அவர் வீட்டு மாடியில்தான். சான்றிதழிலோ அவர் தொழில் 'டிரேடிங்' என்று இருந்தது. அதாவது, வாங்கி விற்பவர். காசும் போனது, பதிவும் கோணலாகிவிட்டது.

முதலில் காசு விஷயம். உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு மத்திய அரசு 2020 ஜூலை 1 முதல் தரும் பதிவு. முழுக்க இணையத்தில்தான். கட்டணம் கிடையாது, எந்தத் தாளையும் பதிவேற்ற வேண்டாம், புதுப்பிக்கவும் தேவையில்லை. கூகுளில் தேடினால் அரசு முத்திரை மாதிரியே ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்டு பணம் கேட்கும் தளங்கள் வரிசையாக வரும். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் மூடிவிடுங்கள். சென்டர்காரர் உட்கார்ந்து தட்டச்சு செய்ததற்குக் கூலி வாங்குவது வேறு. 'கவர்மெண்ட் ஃபீஸ்' என்று வாங்கினால் அது பொய்.

கையில் இருக்க வேண்டியவை: ஆதார் எண், அதோடு இணைத்த போன், பான் எண், வங்கிக் கணக்கு விவரம். ஜிஎஸ்டி எண், சட்டப்படி அது எடுத்தாக வேண்டியவர்களுக்கு மட்டும். பல பேருக்கு வேலை நிற்கும் இடம் அந்த போன்தான். ஆதாரில் பழைய நம்பர் இருந்தால் ஓடிபி வராது. முதலில் ஆதார் மையத்தில் அதை மாற்ற வேண்டும். பான் எண்ணே இல்லாத மிகச் சிறிய தொழில்களுக்கு, வங்கிகள் வழியாகப் பதியும் உத்யம் அசிஸ்ட் என்ற தனி வழி 2023 முதல் இருக்கிறது.

முதலீடும் விற்றுமுதலும் பார்த்து வகை பிரிப்பார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் இயந்திர முதலீடு 2.5 கோடிக்குள், ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள் இருந்தால் குறுந்தொழில். இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் இதற்குள் அடங்கிவிடுவார்கள்.

இனி அந்தக் கட்டம். உற்பத்தியா, சேவையா, டிரேடிங்கா என்று படிவம் கேட்கும். அதற்கேற்ற தொழில் குறியீட்டையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அவசரத்தில் 'துணி' என்று தேடி, முதலில் வந்ததைச் சொடுக்கிவிட்டால் அக்கா கதைதான். வியாபாரிகளையும் 2021 ஜூலையில் உத்யமில் சேர்த்தார்கள், ஆனால் வங்கியின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டும். பாக்கி வசூலுக்கான சட்டப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது.

என்னைக் கேட்டால் இந்தப் பதிவின் உண்மையான மதிப்பே அந்தப் பாதுகாப்பில்தான் இருக்கிறது. கடன் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் எடுக்கிறார்கள். சான்றிதழைப் பார்த்தவுடன் எந்த மேனேஜரும் கையெழுத்துப் போட்டுவிடுவதில்லை. பாக்கி விஷயம் அப்படி இல்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு, சிறு தொழில்களிடம் சரக்கோ சேவையோ வாங்கியவர், எழுத்தில் தவணை எதுவும் பேசாதபோது 15 நாளில் பணம் தர வேண்டும். எழுதிக்கொண்டாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'பேங்க் ரேட்' என்ற வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி.

கேட்டும் தரவில்லையா? குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் பாக்கிப் புகார் தளத்தில் உத்யம் எண், பில், ஆர்டர் நகலோடு புகார் போடலாம். அது மாநில அரசின் வசதியாக்க மன்றத்துக்குப் போகும். மன்றம் உங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லி, எதிர்த்தரப்பு அதை ரத்து செய்யக் கோர்ட்டுக்குப் போவதென்றால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். சும்மா இழுத்தடிக்க நினைப்பவர்களுக்கு அது கொஞ்சம் வலிக்கும். வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிடி உண்டு: கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் செலவுக் கணக்கில் காட்ட முடியும். 2024 தொடக்கத்தில் கம்பெனிகள் சப்ளையர்களிடம் உத்யம் சான்றிதழ் கேட்டு மெயில் மேல் மெயில் அனுப்பியது இதனால்தான்.

இதற்கெல்லாம் இரண்டு பழக்கம் வேண்டும். சரக்கு இறக்கும்போது சலானில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். நாள் கணக்கு அங்கிருந்துதான் ஓடுகிறது. அப்புறம், பில்லில் உத்யம் எண்ணை அச்சடியுங்கள். பதிவும் சரக்கு போவதற்கு முன்பே இருக்கட்டும். பின்னால் பதிந்தவருக்கு முந்தைய பாக்கியில் இந்த உரிமை உண்டா என்பது உச்ச நீதிமன்றம் வரை போன சர்ச்சை.

சரி, தப்பாகப் பதிந்துவிட்டால்? அதே தளத்தில் இலவசமாகத் திருத்தலாம், புதிதாக இன்னொன்று எடுக்கக் கூடாது. திருத்தப் போனபோதுதான் அக்காவுக்கு அடுத்த சிக்கல். உள்ளே நுழைய, படிவத்தில் கொடுத்த போனுக்கோ மெயிலுக்கோ ஓடிபி போகும். சென்டர்காரர் போட்டிருந்தது தன்னுடைய நம்பர், தன்னுடைய மெயில். இருவரும் அங்கேயே போய், அவர் போனைப் பார்த்துச் சொல்லச் சொல்ல உள்ளே நுழைந்தோம். முதலில் மாற்றியது நம்பரையும் மெயிலையும், பிறகுதான் தொழிலை. அந்த ஆள் கிடைக்காமல் போயிருந்தால் மாவட்டத் தொழில் மையத்துக்கு அலைந்திருக்க வேண்டும்.