மூன்றாம் முறை கேட்கும்போது

"இப்போது வருகிற பாட்டெல்லாம் ஒரே இரைச்சல்" என்று ஓய்வை நெருங்கும் ஒருவர் சலித்துக்கொண்டால், பாட்டின் மேல் பழி போடுவதற்கு முன் மூளையைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

பாட்டு ஓடும்போது மூளை சும்மா இருப்பதில்லை. அடுத்த அடி எங்கே விழும், மெட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று ஊகித்துக்கொண்டே இருக்கும். மான்ட்ரியல் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. உடல் சிலிர்க்கும் கணத்தில் மட்டுமல்ல, அது வரப்போகிறது என்று காத்திருக்கும் விநாடிகளிலேயே, இன்ப உணர்வோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருளான டோபமின் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. பழகிய பாட்டில் 'இதோ வருகிறது' என்று மனம் காத்திருக்கும். புதுப் பாட்டிலோ எதற்குக் காத்திருப்பது என்றே தெரியாது. அதனால்தான் முதல் தடவை அது வெறும் சத்தமாகப் படுகிறது.

ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1989இல் கண்டது: ஏறத்தாழ 24 வயதில் பிரபலமாக இருந்த பாடல்கள்தான் மனிதர்களுக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. அந்த வயதின் உணர்ச்சி வேகம் ஒரு காரணம். இன்னொன்றை நாம் மறந்துவிடுகிறோம். அப்போது ஒரே பாட்டை நூறு தடவை கேட்டோம். இப்போது அரை நிமிடத்தில் தள்ளிவிடுகிறோம். இது நியாயமான போட்டியே இல்லை. ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்தித்தாலே அதன்மேல் பிரியம் வரும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸயன்ஸ் 1968லேயே காட்டிவிட்டார். அளவு மீறினால் சலிக்கும் என்பது வேறு விஷயம்.

சரி, வயதுக்குப் பங்கே இல்லையா? உண்டு. மூளைச் செல்களில் டோபமினை ஏற்கும் ஏற்பிகள் வயதோடு மெல்லக் குறைகின்றன. உச்ச சுருதி ஒலிகளும் காதுக்கு மங்குகின்றன. 'ச', 'த' போன்ற மெய்யொலிகள் நழுவுவதால் வரிகள் பிடிபடாமல் போகும். பழைய பாட்டில் விட்டுப்போன சொல்லை நினைவு நிரப்பிவிடும். புதுப் பாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் வரிகளை ஒருமுறை படித்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள், பாதி இரைச்சல் அடங்கிவிடும்.

ஆவல் தூண்டப்பட்ட நிலையில் மூளை, சம்பந்தமே இல்லாத தகவலைக்கூட நன்றாகப் பதித்துக்கொள்கிறது. கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு சோதனையில், ஒரு கேள்விக்கு விடை தெரிய ஆவலோடு காத்திருந்தவர்களுக்கு, அந்த இடைவெளியில் சில முகங்களைக் காட்டினார்கள். ஆவல் அதிகமாக இருந்தபோது பார்த்த முகங்கள்தான் பின்னால் நன்றாக நினைவில் நின்றன. யார் பாடியது, ஏன் இப்படி ஒரு தாளம் என்று ஒரு கேள்வியோடு கேட்பதற்கு இதனால்தான் மதிப்பு.

ஆனால் இசைப் பிரியர்களுக்கு ஒரு நெருடலான செய்தியும் உண்டு. உளவியலாளர் டெனிஸ் பார்க் குழுவின் 2014ஆம் ஆண்டு ஆய்வில் 60 வயதைத் தாண்டியவர்கள் மூன்று மாதம், வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், டிஜிட்டல் புகைப்படக் கலையோ ஒட்டுத்துணித் தையலோ கற்றார்கள். அவர்களுடைய நினைவாற்றல் மேம்பட்டது. வீட்டில் இசை கேட்டும் சொற்புதிர் போட்டும் பொழுதைக் கழித்த குழு அந்த அளவு முன்னேறவில்லை. புதிய பாட்டை ரசிப்பதோடு நிற்காமல் அதை ஒரு கருவியில் வாசிக்கவும் கற்றால், அப்புறம் நீங்கள் முதல் குழுவுக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள்.