மைக்ரோபிளாஸ்டிக் என்றால் நுண்ணெகிழி

பிளாஸ்டிக்கின் மிகச் சிறு துகளான மைக்ரோபிளாஸ்டிக்கைச் சிலர் நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள், சிலர் நுண்நெகிழி என்கிறார்கள். தண் + நீர் தண்ணீர் ஆகும் விதிப்படி நுண்ணெகிழி என்று சேர்த்து எழுதுவதே சரி.

கிரேக்கத்தில் 'மிக்ரோஸ்' சிறியது. 'பிளாஸ்டிகோஸ்' வனைந்து உருவாக்கத் தக்கது. நம்மிடம் 'நெகிழ்' என்ற வினை இருக்கிறது: தளர்தல், இளகுதல். பிரிவில் மெலிந்த தலைவியின் வளை நெகிழ்வது சங்கப் பாட்டில் அடிக்கடி வரும். இளகிய நிலையில் வார்த்தெடுக்கும் பொருளுக்கு நெகிழி என்ற பெயர் இயல்பாகவே பொருந்துகிறது.

2004இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகுதான் ஆங்கிலச் சொல் பரவியது. 5 மில்லிமீட்டருக்கும் சிறியது என்ற வரையறை 2008இல் அமெரிக்காவின் டகோமாவில் நடந்த ஆய்வாளர் கூட்டத்துக்குப் பின் நிலைத்தது. இதனால் அரிசி அளவுக் குருணையும் தலைமுடியைவிட மெல்லிய இழையும் ஒரே பெயருக்குள் வந்துவிட்டன. நீரிலிருந்து அகற்றும்போது இரண்டும் வேறு வேறு வேலை.

2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து இலங்கையின் மேற்குக் கரையில் ஒதுங்கியவை நெகிழிக் குருணைகள். அவற்றை மணலோடு அள்ளிச் சல்லடையில் சலிக்க முடிந்தது. துணி துவைக்கையில் கழன்று வரும் பாலியஸ்டர் என்ற நெகிழி இழைக்குச் சல்லடை உதவாது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். ஆனால் அது கசடில் தங்கும். கசடை வயலில் உரமாகப் போட்டால் மழையோடு மறுபடி ஆற்றுக்கே போகலாம். இதை அகற்றுதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அயர்லாந்து மாணவர் ஃபியான் ஃபெரேரா 2019இல் கூகுள் அறிவியல் போட்டியில் வென்ற முறை எனக்குப் பிடித்தது. தாவர எண்ணெயில் மாக்னடைட் என்ற, காந்தம் இழுக்கும் இரும்புத் தாதின் தூளைக் கலந்து நீரில் விடுகிறார். நெகிழித் துகள் நீரைவிட எண்ணெயோடுதான் ஒட்டும். அப்புறம் காந்தத்தால் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துவிடலாம். ஓடும் ஆற்றில் இதைச் செய்வது கடினம்; குழாயிலோ வடிகால் முனையிலோ செய்வதே பொருத்தம். இழையை வீட்டிலேயே மறிப்பது இன்னும் நல்லது. புதிய சலவை இயந்திரங்களில் 2025 முதல் வடிகட்டி வேண்டும் என்று பிரான்ஸ் 2020லேயே சட்டத்தில் எழுதியது.

1 மைக்ரோமீட்டருக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே போனால் அது நானோபிளாஸ்டிக். அதை மீநுண்ணெகிழி என்று தனியே குறிக்க வேண்டும். சாதாரண வடிகட்டிகள் அதை நிறுத்துவதில்லை.