ரெண்டர் ஃபார்ம்ல கார்டு இருக்கு, வேலை மட்டும் சிபியூல ஓடுது: ஏன்?

மேசை மேல இருக்குற மெஷின்ல ரெண்டர் போட்டா, அதாவது 3டி சீன படமா மாத்தினா, ஒரு ஃபிரேம் ஒரு நிமிஷத்துக்குள்ள வந்துடுது, அதே ஃபைல ஃபார்முக்கு, அதாவது ரெண்டருக்குன்னே வெச்ச மெஷின் கூட்டத்துக்கு அனுப்பினா அரை மணி நேரம் ஆகுது, இத்தனைக்கும் ரெண்டு பக்கமும் ஒரே மாடல் கிராஃபிக்ஸ் கார்டு (ஜிபியூ) தான். இந்த நிலைமையில எல்லாரும் முதல்ல பண்றது டிரைவர தூக்கிட்டு புதுசா இன்ஸ்டால் பண்றது. சில நேரம் அதுல சரியாகும். ஆனா நான் பாத்த வரைக்கும் நிறைய கேஸ்ல டிரைவர் நல்லாத்தான் இருக்கும், அந்த ரெண்டர் எந்த யூசர் பேர்ல, எந்த செஷன்ல ஓடுதுங்கறதுல தான் சிக்கலே இருக்கும்.

ஃபார்ம் எப்படி வேலை செய்யுதுன்னு பாத்தா இது புரியும். நடுவுல ஒரு மேனேஜர் சாஃப்ட்வேர் இருக்கு, அது ஃபிரேம்கள பிரிச்சு ஒவ்வொரு நோடுக்கும், அதாவது ஃபார்ம்ல இருக்குற ஒவ்வொரு மெஷினுக்கும் அனுப்பும். நோடுல ஒரு ஒர்க்கர் புரோகிராம் பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கும், வேலை வந்ததும் அது விண்டோ எதுவும் திறக்காம ரெண்டரர கமாண்டு லைன்ல கிளப்பி விடும். கிளம்புன ரெண்டரர் டிரைவர்கிட்ட "என்னென்ன கார்டு இருக்கு"ன்னு கேக்கும். பட்டியல் காலியா வந்தா நிறைய ரெண்டரர்கள் நிக்காது, சத்தமில்லாம சிபியூக்கு, அதாவது மெஷினோட சாதாரண பிராசசருக்கு மாறிடும். ஃபிரேம் வந்துடும், எக்ஸிட் கோடு 0 (தப்பில்லாம முடிஞ்சதுன்னு அர்த்தம்), மேனேஜர்ல பச்சை கலர்ல முடிஞ்சதா காட்டும். அதனால தான் இத யாரும் கவனிக்கறதே இல்ல, டெட்லைன் நெருங்கும்போது தான் தெரிய வரும்.

பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல இது ரொம்ப சாதாரணமா நடக்கும். சீன்ல டிவைஸ் ஜிபியூன்னு செட் பண்ணி சேவ் பண்ணியிருப்போம், அது ஃபைலோட போகுது, சரி. ஆனா கார்ட ஓட்டுற என்விடியாவோட ரெண்டு வழிகள்ல கூடாவா (CUDA) ஆப்டிக்ஸா (OptiX), எந்த கார்டுக்கு டிக் போட்டிருக்குங்கற விஷயம் ஃபைல்ல இருக்காது, அது யூசரோட பிரிஃபரன்ஸ்ல இருக்கும். ஒர்க்கர் ஓடுற அக்கவுண்ட்ல யாருமே பிளெண்டர திறந்து அந்த டிக்க போட்டிருக்க மாட்டாங்க, அதனால அங்க சிபியூ தான். இதுக்கு அந்த அக்கவுண்ட்லயே லாகின் பண்ணி ஒரு தடவை செட் பண்ணலாம், இல்லன்னா கமாண்டு கடைசியில தனியா ரெண்டு ஹைபன் போட்டு அதுக்கப்புறம் பிளெண்டரோட ரெண்டரரான சைக்கிள்ஸோட டிவைஸ் ஆப்ஷன்ல ஆப்டிக்ஸ்னு குடுக்கலாம். அந்த தனி ரெண்டு ஹைபன விட்டுட்டா ஆப்ஷன் சைக்கிள்ஸ் வரைக்கும் போய்ச் சேராது. எனக்கு இந்த ரெண்டாவது வழி தான் பிடிக்கும், ஏன்னா ஐம்பது நோடு இருந்தாலும் ஒரே இடத்துல மாத்துனா போதும்.

விண்டோஸ்ல கதை இன்னும் கொஞ்சம் ஆழமா போகுது. விஸ்டா காலத்துல இருந்து சர்வீஸ் (பின்னணியில தானா ஓடுற புரோகிராம்) எல்லாம் செஷன் 0ங்கற தனி இடத்துல ஓடுது, லாகின் பண்ற மனுஷங்களுக்கு 1ல இருந்து ஆரம்பிக்கும். பாதுகாப்புக்காக பண்ண பிரிப்பு தான், நல்ல விஷயமும் கூட. ஆனா செஷன் 0க்கு நாம பாக்குற டெஸ்க்டாப்போட தொடர்பு கிடையாது, அங்க ஓப்பன்ஜிஎல் (கார்டுல படம் வரையுறதுக்கான பொது வழி) கேக்குற புரோகிராமுக்கு உண்மையான கார்டுக்கு பதிலா மைக்ரோசாஃப்டோட ஜிடிஐ ஜெனரிக்ங்கற மென்பொருள் வடிவம் கிடைச்சிடலாம், அது வெறும் ஓப்பன்ஜிஎல் 1.1. லாக்ல ஜிடிஐ ஜெனரிக்னு ஒரு வரி கண்ல பட்டா வேற எதையும் தேட வேண்டாம், கார்டு அந்த செஷனுக்கு தெரியலன்னு அர்த்தம். பழைய டிரைவர்கள்ல கூடா கூட செஷன் 0ல சாதாரண கார்டுகள பாக்காது, டிசிசி மோடு (டிஸ்பிளே இல்லாம கணக்கு மட்டும் போடுற நிலை) இருக்குற என்விடியாவோட டெஸ்லா மாதிரி கார்டுகள் மட்டும் தப்பிச்சுது. வழி என்னன்னா, ஒர்க்கர சர்வீஸா போடாம, மெஷின் ஆன் ஆனதும் தானா லாகின் ஆகுற ஒரு யூசர்கிட்ட சாதாரண புரோகிராமா ஓட விடறது.

ரிமோட் டெஸ்க்டாப்ல உள்ள போய் செக் பண்றவங்க ஒண்ணு கவனிக்கணும். அது வழியா நுழையும்போது அந்த செஷனோட டிஸ்பிளேயே மாறிடுது, நாம பாக்குற நிலைமையும் ஒர்க்கர் பாக்குற நிலைமையும் ஒண்ணு இல்ல. அதனால சரியான டெஸ்ட் எதுன்னா, மேனேஜர் அனுப்புற கமாண்ட அப்படியே காப்பி பண்ணி, அதே அக்கவுண்ட்ல, அதே ஒர்க்கர் மூலமா ஓட்டி, லாக்ல ரெண்டரர் எந்த டிவைஸ் பேர எழுதுதுன்னு படிக்கறது தான். விண்டோஸோட டாஸ்க் மேனேஜர் கிராஃப நம்பி முடிவு பண்ண வேண்டாம், அது முதல்ல காட்டுறது 3டி, காப்பி, வீடியோ வேலை தான், கூடா வேலை முழு வேகத்துல ஓடினாலும் அந்த கிராஃப் கீழயே படுத்திருக்கலாம்.

லினக்ஸ்ல கார்டு ஒரு டிவைஸ் ஃபைலா தெரியும், அத திறக்க ஒர்க்கர் அக்கவுண்டுக்கு பர்மிஷன் வேணும், சில டிஸ்ட்ரோல வீடியோ அல்லது ரெண்டர் குரூப்ல சேத்தா தான் வேலை ஆகும். அதவிட அடிக்கடி வர்றது ஆட்டோ அப்டேட் பண்ற வேலை. ராத்திரி டிரைவரோட லைப்ரரி புதுசாகிடும், ஆனா லினக்ஸோட மையமான கெர்னல்ல ஏற்கனவே லோட் ஆன பழைய மாட்யூல் தான் ஓடிக்கிட்டு இருக்கும், காலையில கார்டு நிலைமைய காட்டுற என்விடியா எஸ்எம்ஐ கமாண்ட அடிச்சா வெர்ஷன் ஒத்துப்போகலன்னு சொல்லிடும். ரீபூட் பண்ணா சரியாகிடும். ஃபார்ம் மெஷின்ல டிரைவர் ஆட்டோ அப்டேட்ட நிறுத்தியே வைக்கணும், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

அடுத்து மெமரி. கார்டு தெரியுது, ஆரம்பிக்கவும் செய்யுது, ஆனா சில நோடுல மட்டும் மெமரி பத்தலன்னு நின்னுடுது, இல்ல ரொம்ப ஸ்லோ ஆகுதுன்னா நோடுக்கு நோடு விராம் (கார்டோட சொந்த மெமரி) வேறயா இருக்கான்னு பாருங்க. ஆர்டிஎக்ஸ் 3090ல 24 ஜிபி இருக்கு, அதுல நுழையுற சீன் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060ல நுழையாம போகலாம். ரெண்டு 12 ஜிபி கார்டு போட்டா 24 ஆகும்னு நினைக்கறவங்க நிறைய பேர், ஆனா கார்டுகள ஒண்ணோட ஒண்ணு நேரா இணைக்கிற என்விலிங்க் மாதிரி தனி இணைப்பு இல்லாத வரைக்கும் ஒவ்வொரு கார்டும் முழு சீனையும் தனித்தனியா தன் மெமரில வெச்சுக்கணும். சைக்கிள்ஸ் மாதிரி ரெண்டரர்கள் இடம் பத்தலன்னா சிஸ்டம் ரேம்ல கொஞ்சம் தள்ளி வைக்கும், ஆனா விலை அதிகம்: 3090 தன்னோட மெமரிய செகண்டுக்கு 936 ஜிபி வேகத்துல படிக்கும், கார்டையும் மதர்போர்டையும் இணைக்கிற பிசிஐஇ 4.0ல 16 லேனும் கிடைச்சா கூட ரேம்ல இருந்து சுமார் 32 ஜிபி தான் வரும்.

கார்டு மேல பழி விழுந்து, ஆனா உண்மையில நெட்வொர்க் பண்ற வேலையும் உண்டு. ஒரு கிகாபிட் லைன்ல செகண்டுக்கு அதிகபட்சம் 125 எம்பி தான் போகும், 10 ஜிபி சீன இழுக்க குறைஞ்சது 80 செகண்ட். ஒரே சர்வர்ல அந்த ஒரே லைன்ல இருந்து பத்து நோடு ஒரே நேரத்துல இழுத்தா 13 நிமிஷத்துக்கு மேல, அதுவரைக்கும் கார்டு சும்மா தான் இருக்கும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இப்படி மறுபடி லோட் ஆகாம இருக்க ஒரு டாஸ்க்ல நாலஞ்சு ஃபிரேம சேத்து அனுப்புங்க, டெக்ஸ்சர நோடோட எஸ்எஸ்டிலயே காப்பி பண்ணி வெச்சுக்கங்க. விண்டோஸ்ல இசட் டிரைவ்னு மேப் பண்ணி வெச்சது அந்த லாகின் செஷனுக்கு மட்டும் தான், சர்வீஸுக்கு அது தெரியாது, அதனால பாத்ல சர்வர் பேரையே குடுக்கறது நல்லது.

பாதில திடீர்னு கார்டு காணாம போறது வேற ரகம். விண்டோஸ்ல கார்டு 2 செகண்டுக்கு மேல பதில் சொல்லலன்னா டிடிஆர்ங்கற வசதி டிரைவர ரீசெட் பண்ணிடும், கனமான சீன்ல இது தப்பா பாயும், ரெஜிஸ்ட்ரில டிடிஆர் டிலே மதிப்ப கூட்டி வெச்சா நிக்கும். லினக்ஸ்ல கெர்னல் லாக்ல எக்ஸ்ஐடி 79னு வந்தா கார்டு அந்த பிசிஐஇ இணைப்ப (பஸ்) விட்டே விழுந்துடுச்சுன்னு அர்த்தம், அது சூடு, பவர் சப்ளை, ரைசர் கேபிள் (கார்ட மதர்போர்டோட இணைக்கிற நீட்டிப்பு கேபிள்), இல்ல கார்டே கெட்டுப்போனது, இதுல எதா வேணா இருக்கலாம். அந்த கார்ட கழட்டி நல்லா ஓடுற வேற நோடுல போட்டு அதே சீன ஓட்டுங்க. பிரச்சினை கார்டோடயே போச்சுன்னா வாரன்டிக்கு அனுப்பலாம், பழைய நோடுலயே தங்கிடுச்சுன்னா முதல்ல ரைசர மாத்துங்க, அப்புறம் பவர் சப்ளைய.