‘ஐ-என்-ஜி’யில் முடியும் ஏழெழுத்துச் சொற்கள் எத்தனை?

ஆங்கில நாவல் ஒன்றின் நாலு பக்கம். ஏறக்குறைய 2,000 சொற்கள் இருக்கும். அதில் ஏழு எழுத்துகள் கொண்ட, ‘ஐ-என்-ஜி’ என்று முடிகிற சொற்கள் எத்தனை இருக்கும்? எண்ணிப் பார்க்க வேண்டாம், குத்துமதிப்பாகச் சொன்னால் போதும்.

இதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றி இன்னொரு குழுவிடம் கேட்டார்கள். சொல்லுக்கு ஏழு எழுத்து, ஆறாவது எழுத்து ‘என்’. மற்ற ஆறு இடங்களில் எது வேண்டுமானாலும் வரலாம். அப்படிப்பட்ட சொற்கள் எத்தனை?

கேட்டவர்கள் ஏமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானெமன் என்ற இரண்டு உளவியலாளர்கள். முதல் கேள்விக்கு வந்த பதில்களின் இடைநிலை மதிப்பு 13.4, இரண்டாவதற்கு 4.7. 1983-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில் இந்தக் கணக்கு இருக்கிறது.

நடக்கவே முடியாத கணக்கு இது. ஐ-என்-ஜி என்று முடிகிற ஏழெழுத்துச் சொல் எதை எடுத்தாலும் அதன் ஆறாவது எழுத்து ‘என்’தான். முதல் வகையில் 13 சொற்கள் தேறினால் அந்த 13-ம் இரண்டாம் வகையிலும் அப்படியே வந்து உட்காரும். அதற்கு மேல் வேறு சொற்களும் சேரும். ஆக, இரண்டாவது எண் முதல் எண்ணைவிடக் குறையவே கூடாது. ஆனால் ஒன்று: இரண்டு கேள்விகளையும் ஒரே ஆளிடம் கேட்கவில்லை. எனவே யாரும் தன் வாயாலேயே முன்னுக்குப் பின் முரணாகப் பேசிவிடவில்லை. இரண்டு குழுக்களின் பதில்களை அருகருகே வைக்கும்போதுதான் கோளாறு தெரிகிறது.

எங்கிருந்து வருகிறது இந்தக் கோளாறு? ‘ஐ-என்-ஜி’ என்றதும் மனம் சொற்களைத் தேடுவதில்லை, செய்யத் தொடங்குகிறது. கையில் ஒரு செங்கல் அச்சு கிடைத்த மாதிரி. வாக், குக், ஜம்ப், ப்ளே என்று நாலெழுத்து வினைச்சொல் எதையாவது போட்டால் வாக்கிங், குக்கிங் என்று ஏழெழுத்துச் சொல் விழுகிறது. மூன்றெழுத்து வினைச்சொற்களுக்கும் வழி உண்டு. ரன், சிட் போன்றவற்றில் கடைசி எழுத்து இரட்டித்து ரன்னிங், சிட்டிங் ஆகும். எழுத்துக் கூட்டிப் பாருங்கள், ஏழு வரும். ரைட், டான்ஸ் போன்ற ஐந்தெழுத்துச் சொற்களோ கடைசி ‘ஈ’யை உதறிவிட்டு ரைட்டிங், டான்ஸிங் என்று அதே ஏழில் வந்து நிற்கும். வினைச்சொல்லே இல்லாத மார்னிங், ஈவ்னிங், நத்திங், வெட்டிங் வேறு இருக்கின்றன. ஒரு நிமிடத்தில் இருபது சொல்லிவிடலாம். இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறதென்றால் நிறைய இருக்கும் என்று மனம் முடிவு கட்டுகிறது.

‘ஆறாமிடத்தில் என்’ என்பதில் அப்படிப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அது பொருளும் தராது, ஓசையும் தராது. அதனால் ஒன்றிரண்டு சொல்வதற்குள் திணறிப்போகிறோம். அந்தச் சொற்கள் அபூர்வமானவை என்பதால் அல்ல. ஸ்டூடண்ட், பேஷண்ட், பேமெண்ட், அக்கவுண்ட், ஹஸ்பண்ட், வீக்எண்ட், மெஷின், கம்பெனி: ஆங்கில எழுத்துக் கணக்கில் எல்லாமே ஏழு, எல்லாவற்றிலும் ஆறாவது ‘என்’. ஆங்கிலம் அதிகம் பேசாதவர் வாயிலும் தினம் புழங்குபவைதான். லெசன்ஸ், ரீசன்ஸ் போன்ற பன்மைகள் நினைவுக்கே வருவதில்லை.

நினைவுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறதோ அதை வைத்தே எண்ணிக்கையை எடைபோடும் இந்தப் பழக்கத்தை இருவரும் 1973-லேயே எழுதிவிட்டார்கள். கே, எல், என், ஆர், வி என்ற ஐந்து எழுத்துகள் ஆங்கிலச் சொற்களின் தொடக்கத்தில் அதிகம் வருமா, மூன்றாம் இடத்தில் அதிகம் வருமா என்று 152 பேரிடம் கேட்டார்கள். 105 பேர் பெரும்பாலான எழுத்துகளுக்கு முதலிடம் என்றார்கள். உண்மையில் அந்த ஐந்தும் மூன்றாமிடத்தில்தான் அதிகம்.

இந்தப் பழைய சோதனை பாடப்புத்தகங்களில் ரொம்பப் பிரபலம். எனக்கென்னவோ ஐ-என்-ஜி சோதனைதான் வலுவானது என்று தோன்றுகிறது. அந்த ஐந்து எழுத்துகள் பொறுக்கி எடுத்தவை. ஆங்கில மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை முதலிடத்தில்தான் அதிகம் வரும். பிற்பாடு, 1998-இல், செட்ல்மையர், ஹெர்ட்விக், கிகெரென்சர் ஆகியோர் ஜெர்மன் மொழி எழுத்துகளை வைத்துச் சோதித்தபோது முதலெழுத்துச் சாய்வு எதிர்பார்த்தபடி கிடைக்கவில்லை. ஐ-என்-ஜி விஷயத்தில் இப்படிப்பட்ட வாதத்துக்கே இடமில்லை. எந்த நாவலை எடுத்தாலும், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், ஒரு தொகுதியின் உட்பிரிவு அந்தத் தொகுதியைவிடப் பெரிதாக இருக்காது.

சரி, கணினி இதை எப்படிச் செய்கிறது? யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ‘கிரெப்’ என்றொரு சின்ன நிரல் உண்டு, கென் தாம்ப்சன் எழுதியது. தொடக்கக் குறி, ஐந்து புள்ளிகள், ‘என்’, இன்னொரு புள்ளி, முடிவுக் குறி என்று கொடுத்தால் போதும். புள்ளி என்றால் ‘எந்த எழுத்தானாலும் சரி’ என்று அர்த்தம். சொற்பட்டியலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கும். அதற்கு வாக்கிங்கும் கம்பெனியும் ஒன்றுதான்.

பட்டியல் பெரிதாகி, கேள்விகளும் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. ஆறாமிடத்தில் ‘என்’ உள்ள சொற்கள், ஐந்தாமிடத்தில் ‘ஐ’ உள்ளவை, ஏழாமிடத்தில் ‘ஜி’ உள்ளவை என்று இடத்துக்கும் எழுத்துக்கும் தனித்தனிப் பட்டியல் முன்கூட்டியே தயாராக இருக்கும். கேள்வி வந்ததும் மூன்றுக்கும் பொதுவான சொற்களை மட்டும் எடுக்க வேண்டும். நிபந்தனை ஒவ்வொன்றும் சொற்களைக் கழிக்கும், சேர்க்காது. மனம் செய்வது இதற்கு நேர்மாறு: கூடுதல் நிபந்தனை அதற்குக் கூடுதல் துப்பு.

அச்சு அகராதிக்கும் நம் மனத்தைப் போலவே முதலெழுத்துதான் வாசல். கணினி வருமுன் கடைசி எழுத்திலிருந்து தேட வேண்டியவர்கள் பாடு பெரும்பாடு. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அலுவலகத்தில் சுமார் 3,15,000 அட்டைகளில் சொற்களைப் பின்னிருந்து முன்னாகத் தட்டச்சு செய்து அகரவரிசையில் அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் வாக்கிங், ‘ஜி-என்-ஐ-கே-எல்-ஏ-டபிள்யூ’ என்று தொடங்கும். ஒரே விகுதியில் முடியும் சொற்களெல்லாம் ஒரே இழுப்பறையில் கிடைத்துவிடும்.

தமிழ்ப் புலவர்களுக்கு இந்தத் தேவை வேறு விதமாக வந்தது. எதுகைக்கு வேண்டியது இரண்டாம் எழுத்து. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி ககர எதுகை, சகர எதுகை என்று இரண்டாம் எழுத்தை வைத்தே சொற்களை அடுக்குகிறது. வீரமாமுனிவரின் சதுரகராதியிலும் (1732) நாலாவது பகுதி தொடையகராதி, அதாவது எதுகைக்கு ஏற்பச் சொற்களை அடுக்கிய அகராதி. செய்யுள் எழுதுகிறவர் கையில் இடம்வாரிப் பட்டியல் அப்போதே இருந்திருக்கிறது.

ஆங்கிலக் குறுக்கெழுத்தில் ‘ஆறாவது என், மொத்தம் ஏழு’ என்று மாட்டிக்கொண்டால் வெறும் ‘என்’னை முறைத்துப் பார்ப்பதில் பலனில்லை. அதை வால்களாக உடைத்துக்கொள்ளுங்கள். ‘ஈ-என்-டி’ என்றதும் ஸ்டூடண்ட், பேஷண்ட், கரண்ட் வரும். ‘ஏ-என்-டி’ என்றால் டிஸ்டண்ட், சர்வண்ட். ‘ஐ-என்-ஈ’க்கு மெஷின், ‘ஏ-என்-ஒய்’க்குக் கம்பெனி. ‘ஓ-என்-எஸ்’ஸையும் மறக்க வேண்டாம், பன்மைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஐ-என்-ஜியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்; கூப்பிடாமலே வந்துவிடும்.