கையொப்பம்: 'கிரவுட்ஃபண்டிங்'குக்கு நம்மிடம் முன்பே இருந்த சொல்

கொழும்பில் நாவல் எழுதி முடித்த ஒருவரிடம் "அடுத்தது என்ன?" என்று கேட்டால், "கிரவுட்ஃபண்டிங் செய்யப் போறன்" என்ற பதில் இப்போது சட்டென்று வருகிறது. கேட்டவரும் தலையாட்டுவார். ஆனால் சொன்னவர் புத்தகத்தை முன்கூட்டியே விற்பதை நினைத்திருப்பார். கேட்டவர் நன்கொடை என்று விளங்கியிருப்பார். ஆறு மாதம் கழித்து "என்ர காசுக்கு என்ன நடந்தது?" என்ற கேள்வி எழும்போதுதான் இந்த வேறுபாடு தெரியவரும்.

ஆங்கிலச் சொல்லுக்கு வயது அதிகமில்லை. 2006 ஜூனில் வயர்ட் இதழில் ஜெஃப் ஹவ் 'கிரவுட்சோர்சிங்' பற்றி எழுதினார். ஒரு நிறுவனத்தின் வேலையை ஊராரிடம் பகிர்ந்துவிட்டுச் செய்விப்பது என்பது அதன் பொருள். அதே ஆண்டு ஆகஸ்டில் மைக்கேல் சலிவன் என்பவர் தன் காணொளித் திட்டமொன்றுக்காக அதை ஒட்டி 'கிரவுட்ஃபண்டிங்' என்று சொன்னார். சொல்லின் இரு பாதிகளோ பழையவை. 'கிரவுட்' பழைய ஆங்கிலத்தில் நெருக்கித் தள்ளுதல் என்ற வினை, நெரிசலிலிருந்து கூட்டமாயிற்று. 'ஃபண்ட்' இலத்தீனில் அடி, அடிநிலம் என்ற பொருளுடைய 'ஃபுந்துஸ்'இலிருந்து வந்தது. தமிழில் 'முதல்' என்ற சொல் தொடக்கத்தையும் போட்ட பணத்தையும் ஒருசேரக் குறிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, கைம்முதல் இல்லாதவருக்கு ஊர் கூடி முதல் போடுவதே கிரவுட்ஃபண்டிங்.

இதற்குத் தமிழில் இரண்டு சொற்கள் போட்டியிடுகின்றன. 'கூட்டுநிதி' என்பது ஒன்று. நம் நாட்டில் 'கூட்டு' என்றதும் கூட்டுறவுச் சங்கமும் கூட்டுத்தாபனமும் நினைவுக்கு வரும். போட்ட எல்லாருக்கும் உடைமையில் பங்கு உண்டு என்ற தொனி அதில் ஒட்டியிருக்கிறது. நாவலுக்கு 1,400 ரூபா போட்டவருக்கு அதன் உரிமையில் பங்கு கிடையாது. அதனால் கூட்டுநிதி பொருந்தாது. மற்றது 'திரள்நிதி'. தமிழ்நாட்டு அரசியல் மேடைகளில் புழங்கிப் பழகிவிட்ட சொல். மோர் கடைகையில் வெண்ணெய் திரள்வதுபோலச் சிறு சிறு தொகைகள் தாமாக ஒன்றுசேர்வதை அது காட்டுகிறது. கிரவுட்ஃபண்டிங் என்ற பொதுக்கருத்துக்கு அதைவிட நல்ல சொல் கிடையாது. ஆனால் போட்டவருக்கு என்ன திரும்பக் கிடைக்கும் என்பதை அது சொல்வதில்லை. மருத்துவச் செலவுக்குச் சேர்ப்பதும் திரள்நிதி, நாவலுக்குச் சேர்ப்பதும் திரள்நிதி என்றால் பழைய மயக்கம் அப்படியே இருக்கும்.

புத்தகத்துக்கென்று தனிச்சொல் ஒன்று நம்மிடம் இருந்தது: கையொப்பம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் நூலை அச்சேற்ற இரண்டு வழிகள். ஒன்று புரவலரைத் தேடுவது. ஆறுமுக நாவலரின் பதிப்புகளுக்கு இராமநாதபுரம் பொன்னுச்சாமித் தேவர் கைகொடுத்தது இந்த வகை. இன்னொன்று, 'இப்படி ஒரு நூல் வரப்போகிறது, இத்தனை பக்கம், இன்ன விலை' என்று விளம்பரம் அச்சிட்டு, வாங்கச் சம்மதிப்பவர்களிடம் ஒப்பம் பெறுவது. ஒப்பமிட்டவர் கையொப்பக்காரர். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளிக்கொணர்ந்தபோதும் கையொப்பம் சேர்க்க அலைந்தார். ஆங்கிலத்தின் 'சப்ஸ்கிரைப்' என்பதும் இலத்தீனில் 'கீழே எழுது' என்பதுதான்; பட்டியலின் அடியில் பெயரெழுதி ஒப்பமிடுவது. 1715 முதல் 1720 வரை ஆங்கிலக் கவிஞர் அலெக்சாந்தர் போப், ஹோமரின் இலியட் காவியத்துக்குச் செய்த தன் மொழிபெயர்ப்பை ஆறு தொகுதிகளாக வெளியிட்டதும் இதே முறையில். இரு மொழிகளிலும் சொல் ஒரே செயலிலிருந்துதான் வந்திருக்கிறது. பிறகு பருவ இதழ்கள் பெருகி 'சந்தா' வந்ததும் கையொப்பம் மெல்ல ஒதுங்கி, இன்று வங்கிப் படிவத்தில் போடும் கிறுக்கலுக்கு மட்டும் பெயராக நிற்கிறது.

கையொப்பத்தை மறுபடி எடுத்தாள்வதில் ஒரு நன்மை உண்டு. ஒப்பம் இருபுறமும் கட்டும். வாசகர் வாங்குவதாகச் சொல்கிறார், ஆசிரியர் தருவதாகச் சொல்கிறார். நன்கொடையில் அந்த இரண்டாவது பாதி இல்லை. பேச்சில் கையொப்பம் வாயில் வரவில்லையென்றால் 'முன்பதிவு' என்று சொல்லலாம். பதிப்பகங்கள் சொல்லும் 'முன்வெளியீட்டுத் திட்டம்' கொஞ்சம் நீளம், ஆனாலும் பிழையில்லை. பணம் போடுபவரை 'ஆதரவாளர்' என்பது கட்சிக்காரரைக் கூப்பிடுவதுபோல இருக்கிறது. கையொப்பக்காரர் என்றே எழுதலாம், நாலு முறை எழுதினால் பழகிவிடும்.

இன்னொரு உள்ளூர் வழக்கத்தையும் இங்கே பிரித்துப் பார்க்கவேண்டும். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் வெளியீட்டு விழா நடக்கும். முதற்பிரதியை ஒரு புரவலர் பெறுவார். பிறகு 'சிறப்புப் பிரதி' பெறுவோர் வரிசையாக மேடையேறி, ஒரு கையால் உறையைக் கொடுத்து மறுகையால் புத்தகத்தை வாங்கிப் படத்துக்கு நிற்பார்கள். உறைக்குள் புத்தக விலையும் இருக்கும், அதைப்போல் பத்து மடங்கும் இருக்கும். இது கையொப்பம் அல்ல, கோயில் உபயம் மாதிரி. உபயகாரர் காளாஞ்சி வாங்குவதுபோல இவர் சிறப்புப் பிரதி வாங்குகிறார், கிடைப்பது மரியாதை. வழக்கம் அழகானதுதான். சிக்கல் என்னவென்றால் காசு அச்சடித்த பிறகு வருகிறது. மழை பெய்து சனம் வராவிட்டால் அச்சகக் கடன் முழுக்க எழுதியவர் தலையில். கையொப்பம் அச்சுக்கு முந்தியது. புத்தகத்துக்கு ஆள் இருக்கிறதா என்பதை இயந்திரம் ஓடுமுன்பே சொல்லிவிடும்.

கிரவுட்ஃபண்டிங்குக்கென்றே உள்ள வெளிநாட்டு இணைய மேடைகள் இதை எப்படி நடத்துகின்றன என்று தெரிந்திருப்பது நல்லது. 2009இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டரில் இலக்குத் தொகையும் கடைசித் திகதியும் முதலிலேயே அறிவிக்கவேண்டும். இலக்கைத் தொட்டால்தான் வாசகரின் அட்டையிலிருந்து பணம் எடுக்கப்படும். தொடாவிட்டால் ஒருவருக்கும் ஒரு சதமும் போகாது. தொட்டால் மேடை 5 சதவீதம் எடுக்கும். அதற்குமேல் பணம் கடத்தும் கட்டணம் வேறு. 2022 மார்ச்சில் பிராண்டன் சாண்டர்சன் என்ற அமெரிக்க நாவலாசிரியர் நான்கு நாவல்களுக்கு அங்கே 1,85,000 பேருக்கு மேலானோரிடம் 4 கோடியே 17 இலட்சம் டொலர் திரட்டியதை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். அவருக்கு வாசகர் திரள் பல ஆண்டுகளாகவே இருந்தது, மேடை அதைத் திரட்டித் தரவில்லை என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள். எப்படியும், கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. கொழும்பில் இருப்பவருக்கு வங்கிக் கணக்கு, லங்கா கியூஆர், வட்ஸ்அப், ஒரு பதிவேடு ஆகிய நான்கும்தான் மேடை.

மேடை இல்லாத குறையை ஒழுங்கினால் ஈடுகட்டவேண்டும். சம்பளம் வரும் கணக்கில் முன்பதிவுப் பணத்தை வாங்கவே கூடாது. இருக்கிற காசு தன் காசுபோலத் தெரியத் தொடங்கும். தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று போதும். பதிவேட்டில் வரிசை எண், முழுப்பெயர், தொலைபேசி, பிரதி எண்ணிக்கை, தொகை, வந்த திகதி, நேரில் எடுப்பாரா அனுப்பவேண்டுமா, முகவரி என எட்டு நிரல்கள். வங்கிக் கூற்றில் '1,400' என்று வந்து, குறிப்பில் 'புக்' என்று மட்டும் இருந்தால் யார் போட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே "முன்பதிவு எண்ணையும் பெயரையும் குறிப்பில் எழுதுங்கள், சீட்டின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புங்கள்" என்று கணக்கு எண்ணுக்குக் கீழேயே போட்டுவிடவேண்டும். காசு வந்த அன்றே எண்ணிட்ட பற்றுச்சீட்டு அனுப்பவேண்டும். "எனக்குப் பத்துப் புத்தகம் எழுதிக்கொள்ளுங்கோ" என்பவரைப் பதிவேட்டில் பென்சிலால் எழுதலாம். பேனா காசு வந்த பிறகு. அன்றைய கையொப்பத்தின் பெரிய பலவீனமே இதுதான்: ஒப்பம் முதலில், பணம் பிறகு.

இலக்குத் தொகைக் கணிப்பு எப்படிப் பிழையாகிப் போகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். விலைகள் உதாரணத்துக்காகத்தான். 240 பக்க நாவல், 300 பிரதி, அச்சும் கட்டுமாகப் பிரதிக்கு 750 ரூபா என்றால் 2,25,000. அட்டை வடிவமைப்புக்கும் ஒப்புநோக்கலுக்கும் 40,000. மண்டபம், அழைப்பிதழ் 20,000. ஆக 2,85,000. எதிர்பாராததற்குப் பத்திலொரு பங்கு சேர்த்தால் 3,13,500. முன்பதிவு விலை 1,400 என்றால் 224 பேர் வேண்டும். இதுவரை சரி. இப்போது விளம்பரத்தில் 'அனுப்பும் செலவு உட்பட' என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள், கேட்க நன்றாக இருக்கிறதென்று. கூரியருக்குப் பிரதிக்கு 400 போனால் கையில் நிற்பது 1,000. இனி வேண்டியது 314 பேர். இருப்பதோ 300 புத்தகம். அதிலும் விமரிசகருக்கும் நூலகங்களுக்கும் இருபது ஒதுக்கினால் விற்க 280. எல்லாம் விற்றாலும் நட்டம் என்ற இடத்துக்கு ஒரே வரியில் வந்து சேர்ந்தாயிற்று. வெண்ணெய் திரளும்போது தாழி உடைவது இப்படித்தான். அனுப்பும் செலவைத் தனி வரியாகப் போடுங்கள், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நேரில் எடுக்க ஓரிடம் வையுங்கள். கொழும்பு வாசகரில் பலர் அங்கேயே வந்து எடுத்துவிடுவார்கள்.

புலம்பெயர் வாசகருக்கு வேறு கணக்கு. 70 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 70 கிராம்) தாளில் டெமி அளவில் 240 பக்கம் என்றால் உள்தாள் மட்டும் ஏறத்தாழ 250 கிராம். அட்டை, உறை எல்லாம் சேர 300ஐத் தாண்டும். தனித்தனியாக ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் அனுப்பினால் தபால் செலவு புத்தக விலையை விழுங்கும். அங்கே ஒருவரிடம் மொத்தமாகச் சேர்ப்பித்து உள்ளூரில் பிரிப்பதே வழி. பயணப் பெட்டியில் 20 பிரதி என்றால் ஆறு கிலோவுக்குச் சற்று மேல். அதற்கும் ஆளைப் பிடிக்கவேண்டும், ஆகவே திகதியைச் சொல்லி வாக்குக் கொடுக்கவேண்டாம்.

அச்சகத்தின் கூறுவிலையை எழுத்தில் வாங்கி, அந்த விலை எத்தனை நாள் செல்லுபடியாகும் என்று கேளுங்கள். 2022 மார்ச்சில் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போன நாடு இது. முன்பதிவை ஆறு மாதம் இழுத்துக்கொண்டே போனால் பழைய விலையில் காசு வாங்கிப் புதிய விலையில் அச்சடிக்க நேரும். முப்பது நாற்பது நாள் போதும். பெரும்பாலான காசு முதல் வாரத்திலும் கடைசி வாரத்திலும்தான் வரும், நடுவில் கிடக்கும் அமைதியைப் பார்த்துப் பதறவேண்டியதில்லை. செப்டம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி என்பதால் ஆகஸ்டில் அச்சகங்கள் நிரம்பி வழியும். நவம்பர், டிசம்பரில் நாட்காட்டிகள். பெப்ரவரி, மே போன்ற மாதங்களில் கொடுத்தால் சொன்ன நாளில் புத்தகம் கைக்கு வர வாய்ப்பு அதிகம்.

முன்பதிவை அறிவிக்குமுன் நாவலை எழுதி முடித்திருக்கவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 'கடைசி இரண்டு அத்தியாயம்தான் மிச்சம்' என்று காசு வாங்கிய நாவல்கள்தான் பெயரைக் கெடுப்பவை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த நாவலென்றால் யூனிகோடுக்கு மாற்றியபின் முழுக்க இன்னொருமுறை ஒப்புநோக்கவேண்டும். கொம்பும் காலும் இடம்மாறி 'கோ' 'கேர்' ஆகிக் கிடக்கும். நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொழும்பு 7, சுதந்திர மாவத்தையிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் அட்டை அச்சுக்குப் போகுமுன் பெறவேண்டும். பின்னட்டையில் பட்டைக்குறிக்கு விட்ட வெற்றிடம் வெற்றிடமாகவே அச்சாகி வந்தால் பிறகு ஒட்டுத்தாள்தான்.

இலக்கை எட்டாவிட்டால் என்ன என்பதையும் முதல் அறிவிப்பிலேயே எழுதுங்கள்: இன்ன திகதிக்குள் இத்தனை பேர் சேராவிட்டால் 14 நாளில் காசு திரும்பும், அல்லது 100 பிரதி மட்டும் டிஜிட்டலில் அச்சாகும். இரண்டில் எது என்று சொல்லவேண்டும். முந்நூறுக்குக் கீழே போனால் ஓப்செட்டைவிட டிஜிட்டல் மலிவு என்பதால் இரண்டாவது வழி பெரும்பாலும் சாத்தியம்தான், முந்நூறு அடிப்பதோடு ஒப்பிட்டால் பிரதிக்கு விலைதான் கூடும்.

கையொப்பக்காரர் பெயர்களை நூலின் கடைசியில் அச்சிடும் வழக்கத்தை விரும்பினால், ஒவ்வொருவரிடமும் எழுத்தைக் கேட்டு உறுதிசெய்யவேண்டும். 'சிறி'யா 'ஸ்ரீ'யா, தலைப்பெழுத்துத் தமிழிலா என்பதெல்லாம் மனஸ்தாபத்துக்குப் போகிற விஷயம். பெயர் வேண்டாம் என்பவரும் இருப்பார். அச்சில் 16 பக்கம் ஒரு பாரம். 240 பக்கம் சரியாக 15 பாரம். 224 பெயரை இரண்டு நிரலாகப் போட்டால் மூன்று பக்கம்கூடப் பிடிக்கும். அதை ஒதுக்காமல் நாவலை 240இல் முடித்துவிட்டால் அந்த மூன்று பக்கத்துக்காகப் பதினாறாவது பாரம் ஓடும், விலையும் ஏறும். கதையை 236இல் நிறுத்தும்படி பக்க அமைப்பாளரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்.