போடாத ஷூ ஏன் உதிர்கிறது?

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இமயமலை டிரெக்கிங்குக்காக ஆறு வருஷத்துக்கு முன்னால் நல்ல விலை கொடுத்து ஷூ வாங்கினாராம். இரண்டே முறை போட்டு, துடைத்து, பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றிவிட்டார். போன மாதம் வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸுக்கு இறங்கும்போது அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்து, மொத்தமாகக் கழன்றுவிட்டது. "தேய்ந்து கெட்டால் புரிகிறது, தேயாமலே எப்படிக் கெடும்? செருப்பு அறுந்தால் சகுனம் சரியில்லை என்கிறார் அத்தை" என்று முடித்திருக்கிறார்.

சகுனம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் எதையும் கேட்பதில்லை. எனக்கு அதில்தான் வருத்தம். இந்தக் கேள்விக்குள் அவ்வளவு அழகான வேதியியல் இருக்கிறது.

தரையில் படும் கறுப்பு ரப்பருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதற்கும் பாதத்துக்கும் நடுவே மெத்தென்று ஓர் அடுக்கு இருக்கிறதே, உதிர்ந்தது அதுதான். மலை ஷூக்கள் பலவற்றில் அது பாலியூரித்தேன் நுரை. பாலியூரித்தேன், 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டுபிடித்த பொருள். எடை குறைவு, சுமையைத் தாங்கும், அமுங்கினாலும் எழும்பிக்கொள்ளும்.

பள்ளியில் படித்த எஸ்டராக்குதல் வினை நினைவிருக்கும். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டர் உண்டாகும், நீர் வெளியேறும். ஷூவுக்கான பாலியூரித்தேனில் பெரும்பாலும் இப்படிச் செய்த எஸ்டர் பிணைப்புகள்தான் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலி நெடுகக் கண்ணிகளாக இருக்கின்றன. ஆனால் இது மீள்வினை. அன்று வெளியேறிய நீர், காற்றின் ஈரமாகத் திரும்பி நுரைக்குள் நுழைந்தால் எஸ்டர் பழையபடி அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் பிரிந்துவிடும். இதுதான் நீராற்பகுப்பு. ஷூவை மழையில் நனைக்கவே வேண்டாம், சென்னைக் காற்றே போதும்.

எல்லாப் பிணைப்பும் அறுபட வேண்டியதும் இல்லை. நீளமான பூச்சரத்தை நடுவில் ஓர் இடத்தில் வெட்டினால் ஒரு பூவும் குறையாது, ஆனால் சரம் பாதியாகிவிடும். இப்படி நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருள்களின், அதாவது பலபடிகளின் (பாலிமர்), வலிமை சங்கிலியின் நீளத்தில் இருக்கிறது. நூறு கண்ணிக்கு ஒன்று அறுந்தாலே நுரையின் உறுதி பெருமளவு போய்விடும். கண்ணுக்கு அது அப்படியே புது ஷூவாகத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஒவ்வொரு வெட்டும் ஓர் அமில முனையை விட்டுவைக்கிறது. எஸ்டரை நீர் பிளப்பதற்கு அமிலமே வினையூக்கி! ஆக, முதல் வெட்டு அடுத்த வெட்டைச் சுலபமாக்குகிறது, அது அதற்கடுத்ததை. வைக்கோலில் அடுக்கிய மாங்காய்களில் ஒன்று பழுத்தால் அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு மற்றவற்றையும் பழுக்க வைக்கிறதே, அதே கதி. முதல் சில வருஷங்கள் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும், அப்புறம் கிடுகிடுவென்று முடிந்துவிடும். வாங்கிய வருஷம் நன்றாக இருந்தது, போன வருஷமும் நன்றாக இருந்தது என்பதை வைத்து இந்த வருஷத்தைக் கணிக்க முடியாமல் போவது இதனால்தான்.

பரண் இதற்குத் தோதான இடம். மொட்டைமாடித் தளத்துக்குக் கீழே வெயில் காலத்தில் சூடு ஏறிக் கிடக்கும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலின் பொதுக் கணக்கு. ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் இன்னும் மோசம். போட்டு நடந்தால் நுரை அமுங்கி விரிந்து உள்ளே தேங்கிய ஈரம் வெளியேறும் என்று ஷூ தயாரிப்பவர்கள் சொல்கிறார்கள். பெட்டியில் கிடக்கும் ஷூவுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

எஸ்டருக்குப் பதில் ஈதர் பிணைப்பு வைத்த பாலியூரித்தேன் ஈரத்தை நன்றாகவே தாங்கும், தேய்மானத்தைத் தாங்குவதில்தான் கொஞ்சம் பின்தங்கும். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் செய்யும் ஷூக்கள் உலகம் முழுக்கப் போகின்றன. அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. புதிய பொருளைக் கண்டுபிடிக்கக் கிடைக்கும் நிதியில் ஒரு பங்காவது, இருக்கிற பொருள் நம் கடற்கரை ஊர்க் காற்றில் எப்படி மூப்படைகிறது என்று பத்து வருஷம் பொறுமையாகப் பார்க்கிறவர்களுக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. 70 டிகிரி சூட்டிலும் 95 சதவீத ஈரத்திலும் வைத்து விரைவாக மூப்படையச் செய்யும் சோதனை இருக்கிறது. அது உதவும், ஆனால் பரணில் கழிந்த பத்து வருஷத்துக்கு அது ஈடாகாது.

சரி, என்ன செய்யலாம்? நிழலில் நன்றாகக் காயவைத்து, காற்றோட்டமான கீழ் அலமாரியில் வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை போட்டுத் தெருவில் நடங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு நுரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரிசல் விட்டாலோ பொடி உதிர்ந்தாலோ ஒட்டிப் பயனில்லை, பசை பிடித்துக்கொள்ள அங்கே உறுதியான பரப்பே இருக்காது. கூடாரத் துணியின் உள்பூச்சு பிசுபிசுத்தால் அதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான்.

அந்த வாசகர் கடிதத்தின் கடைசியில், பாறை ஏறும் கயிற்றை மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் பக்கத்தில் வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார். கயிறு நைலான். அதன் அமைடு பிணைப்பு வெறும் ஈரத்துக்கு அசையாது, ஆனால் பேட்டரியின் கந்தக அமிலம் பட்டால் அறுந்துவிடும். பட்ட இடம் வெளியே தெரியாமலும் போகலாம். அந்தக் கயிற்றில் இனி யாரும் தொங்க வேண்டாம். துணி காயப்போடக் கட்டிக்கொள்ளுங்கள், புதுக் கயிற்றைப் படுக்கையறை அலமாரியில் வையுங்கள்.