குழந்தைகளிடம் மருத்துவ ஆய்வு: பெற்றோரின் ஒப்புதலும் குழந்தையின் இசைவும்

மருத்துவமனையிலோ பள்ளியிலோ, உங்கள் குழந்தையை ஓர் ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டு ஒரு படிவம் கொடுக்கப்பட்டால், அதில் கையெழுத்திடுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. மறுத்தாலும், சேர்ந்தபின் இடையில் விலகினாலும், குழந்தைக்கு உரிய வழக்கமான சிகிச்சை எவ்வகையிலும் குறையக் கூடாது. இந்தியாவில் இதற்கான நெறிகளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள் வகுத்துள்ளன. குழந்தைகளுக்கென்றே ஒரு தனி வழிகாட்டுதலையும் அக்கழகம் அதே ஆண்டில் வெளியிட்டது. புதிய மருந்து, தடுப்பூசி ஆகியவற்றின் சோதனைகளுக்கு, 2019 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் சட்ட வலுவுடன் பொருந்தும்.

இவ்விதிகளில் பெற்றோர் முதலில் அறிய வேண்டியது, ஒப்புதல், இசைவு ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. 18 வயது நிறையாதவர் சட்டப்படி ஒப்புதல் அளிக்க இயலாது என்பதால், பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ அதை அளிக்கின்றனர். ஆனால் குழந்தையின் கருத்தைக் கேட்காமல் விட்டுவிட முடியாது. குழந்தை தானே ஆய்வுக்குச் சம்மதிப்பதே இசைவு. ஏழு வயதுக்குக் கீழ் பெற்றோரின் ஒப்புதல் போதும். 7 முதல் 12 வயது வரை, பெற்றோர் முன்னிலையில் குழந்தையின் வாய்மொழி இசைவைப் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும். 12 முதல் 18 வயது வரை, அவர்களுக்குப் புரியும் எளிய மொழியில் எழுதப்பட்ட படிவத்தில் எழுத்துவடிவ இசைவு வேண்டும், அதில் பெற்றோரும் கையொப்பமிட வேண்டும். குழந்தை வேண்டாம் என்றால் அந்த மறுப்பை மதிக்க வேண்டும். ஆய்வின் வழியாக மட்டுமே கிடைக்கக்கூடிய, குழந்தைக்கு நேரடியாகப் பயன் தரும் சிகிச்சை போன்ற சில சூழல்களில், ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி அளிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுடன் இதற்கு விலக்கு உண்டு. ஊசியைக் கண்டு அழும் குழந்தையைச் சமாதானப்படுத்துவதும், ஆய்வே வேண்டாம் என்னும் குழந்தையைப் பணியவைப்பதும் ஒன்றல்ல என்பதை ஆய்வாளர்கள் மட்டுமல்ல, பெற்றோராகிய நாமும் உணர வேண்டும்.

பள்ளியின் அனுமதி பெற்றோரின் ஒப்புதலுக்கு ஈடாகாது. இதை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2009-இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி 10 முதல் 14 வயதுச் சிறுமியருக்கு ஒரு முன்னோடித் திட்டத்தின்கீழ் போடப்பட்டது. ஏழு சிறுமியர் இறந்ததை அடுத்து 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே அரசு அமைத்த விசாரணைக் குழு கருதியது. ஆனால் ஒப்புதல் பெற்ற முறையில் பெருங்குறைகளைக் கண்டது. ஆந்திரத்தில் பார்வையிடப்பட்ட 9,543 படிவங்களில் 2,763-இல் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தனர். 1,948-இல் கைரேகை மட்டுமே இருந்தது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழுவும் இதைக் கடுமையாகக் கண்டித்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் ஏழைக் குழந்தையின் பெற்றோர் தொலைவில் இருக்கிறார்கள் என்பது அவர்களைக் கேட்காமல் விடுவதற்குக் காரணமாகாது. படிக்கத் தெரியாத பெற்றோராயின், ஆய்வோடு தொடர்பில்லாத நடுநிலைச் சாட்சி ஒருவர், விளக்கம் தொடங்கியது முதல் முடியும் வரை உடனிருந்து கையெழுத்திட வேண்டும்.

ஆய்வினால் வரும் தீங்கு மிகக் குறைவாகவோ, குழந்தைக்கு நேரடிப் பயன் உள்ளதாகவோ இருந்தால், பொதுவாகத் தாய் தந்தையரில் ஒருவரின் ஒப்புதல் போதும். நேரடிப் பயனின்றித் தீங்கின் வாய்ப்பு சற்றே கூடுமாயின், இருவரின் ஒப்புதலும் வேண்டும். ஒருவர் இறந்துவிட்டாலோ அணுக முடியாத நிலையில் இருந்தாலோ விலக்கு உண்டு. பயணச் செலவு போன்றவற்றைத் திருப்பித் தரலாம். ஆனால் ஒப்புதல் தரத் தூண்டும் வகையில் பெற்றோருக்குப் பணம் தரக் கூடாது.

எந்த ஆய்வும் நெறிமுறைக் குழுவின் அனுமதியின்றித் தொடங்க முடியாது. குறைந்தது ஏழு பேர் கொண்ட அக்குழுவில் மருத்துவர்களோடு சட்டம் அறிந்தவரும் பொதுமக்களில் ஒருவரும் இடம்பெற வேண்டும். தலைவர் அந்நிறுவனத்தைச் சாராதவராக இருக்க வேண்டும். உங்களுக்குத் தரப்படும் தகவல் தாளில் ஆய்வாளரின் தொடர்பு எண்ணும், உரிமைகள் குறித்துக் கேட்க நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும். அவை இல்லாத தாளில் கையெழுத்திட வேண்டாம் என்பதே என் பரிந்துரை. கையெழுத்திட்டபின் தாளின் ஒரு படியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்துச் சோதனையில் குழந்தைக்குக் கடும் பாதிப்பு நேர்ந்தால், ஆய்வாளர் அதை அறிந்த 24 மணி நேரத்துக்குள் நெறிமுறைக் குழுவுக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அரசு அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும். சிகிச்சை இலவசமாக வழங்கப்பட வேண்டும். பாதிப்பு சோதனையால்தான் நேர்ந்தது என முடிவானால், 8 இலட்சம் ரூபாயை அடிப்படைத் தொகையாகக் கொண்டு, வயதையும் நோயின் தீவிரத்தையும் கணக்கில் எடுத்து இழப்பீடு நிர்ணயிக்கப்படும். பல ஆண்டுகள் நீளும் ஆய்வில், குழந்தைக்கு 18 வயது நிறைந்ததும் பெற்றோர் இட்ட பழைய கையெழுத்தை வைத்துத் தொடர முடியாது. அவரிடமே புதிதாக ஒப்புதல் கேட்க வேண்டும்.